கோணிய முன்சக்கரம்: திருகில் கை வைக்கும் முன்

மாசியில் திருவப்பூர், பங்குனியில் நார்த்தாமலை, கொன்னையூர் என்று புதுக்கோட்டை மாவட்டத்து அம்மன் கோயில்களில் திருவிழா களைகட்டினால், குழந்தைகள் உள்ள வீடுகளில் ஒரு ரிமோட் கார் வந்து சேர்ந்துவிடும். அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம் பக்கம் திருவிழாவுக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ விடுப்பில் வரும் மாமாவின் பெட்டியில் கொஞ்சம் விலை கூடிய வண்டியே இருக்கும். இரண்டுக்கும் கதி ஒன்றுதான். சில நாள் நேராக ஓடும். வாசற்படியிலிருந்து ஒருமுறை உருளும், மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டில் ஒருமுறை முட்டும். அதன்பின் ஸ்டியரிங்கைத் தொடாவிட்டாலும் வண்டி தன்பாட்டுக்கு ஒரு பக்கமாக ஒதுங்க ஆரம்பிக்கும்.

உடனே எல்லோர் கையும் போகும் இடம் ரிமோட்டில் உள்ள சின்னத் திருகு. அதற்கு டிரிம் என்று பெயர். இந்த அத்தியாயம் அந்தத் திருகைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிறது. டிரிம் கோணலை நீக்குவதில்லை, அதற்கு எதிராக இன்னொரு கோணலைக் கொடுத்து மறைக்கிறது. இடப்பக்கம் இழுக்கும் வண்டியை டிரிமால் வலப்பக்கம் தள்ளி நேராக்கிவிட்டால், சக்கரங்களைத் திருப்பும் செர்வோ மோட்டாருக்கு வலப்பக்கம் திரும்ப மிச்சமிருக்கும் வீச்சு அந்த அளவுக்குக் குறையும். இடது வளைவில் சிக்கென்று திரும்பும் கார், வலது வளைவில் அகலமாகப் போய்ச் சுவரில் மோதும். மோதியதும் மறுபடி கோணும், மறுபடி டிரிம். பழுதின் வேர் அப்படியே கிடக்கும்.

பார்க்க வேண்டிய வரிசை வேறு. முதலில் தரை, அடுத்து ஆட்டம், அடுத்து ஸ்டியரிங்கின் நடு, அதன்பின் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் நீளம். டிரிம் எல்லாவற்றுக்கும் பிறகுதான்.

தரையா, வண்டியா?

நம் ஊர்க் கொத்தனார் யாரும் முற்றத்தை மட்டமாகப் போடமாட்டார். மழைத் தண்ணீர் தேங்காமல் ஓடவேண்டும் என்று வாட்டம் கொடுத்துத்தான் பூசுவார். தார்ச்சாலையும் நடுவில் மேடாகி இருபுறமும் சரியும். ஆகவே வாசலில் ஓட்டிப் பார்த்து ‘இடப்பக்கம் இழுக்கிறது’ என்று முடிவுகட்டுவது அவசரம். இதற்கு ஒரு சோதனை போதும். சாக்கட்டியால் ஐந்து மீட்டருக்கு ஒரு கோடு. கோட்டின் மேல் வண்டியை ஒரு முனையிலிருந்து ஓட்டவேண்டும். பிறகு மறுமுனையிலிருந்து அதே கோட்டில் திரும்பி வரவேண்டும். போகும்போதும் வரும்போதும் தரையின் ஒரே ஓரத்துக்கு, அதாவது இரண்டு முறையும் தெருப்பக்கமாகவே ஒதுங்கினால் குற்றம் தரையுடையது. போகும்போது தெருப்பக்கமும் வரும்போது வீட்டுப்பக்கமும் ஒதுங்கினால், வண்டி தன் இடப்பக்கமோ வலப்பக்கமோ இழுக்கிறது என்று பொருள். கல்யாண மண்டபத் தரையில் செய்து பார்த்தால் சந்தேகத்துக்கே இடமிருக்காது.

எவ்வளவு கோணினால் எவ்வளவு ஒதுங்கும் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 18 செ.மீ. உள்ள காரில் முன்சக்கரங்கள் இரண்டும் 1 டிகிரி திரும்பியிருந்தால், வண்டி சுமார் 10 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஓடும். ஐந்து மீட்டர் கடப்பதற்குள் கோட்டைவிட்டு ஏறத்தாழ 1.2 மீட்டர் விலகிவிடும். ஒரு டிகிரியைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். ‘சக்கரம் நேராத்தானே இருக்கு, ஏன் இப்படிப் போகுது?’ என்ற குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

இன்னொன்றையும் இதே கோட்டில் பார்த்துவிடலாம். ரிமோட்டையும் காரையும் ஆன் செய்து, ஸ்டியரிங்கை நடுவில் விட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் வண்டியைக் கையால் மெல்லத் தள்ளிவிட வேண்டும். தள்ளும்போது நேராகப் போய், மோட்டார் இழுக்கும்போது மட்டும் ஒதுங்கினால் முன்சக்கரத்தைக் குறைசொல்ல முடியாது. பின் அச்சில் ஏதோ ஒரு சக்கரம் இறுகியிருக்கிறது, அல்லது டயர் ரிம்மிலிருந்து ஒட்டுவிட்டுச் சுழல்கிறது. காரைக் கவிழ்த்த கிண்ணத்தின் மேல் உட்காரவைத்துச் சக்கரங்களை ஒவ்வொன்றாக விரலால் சுண்டினால் எது சண்டித்தனம் செய்கிறது என்பது தெரியும்.

பெரும்பாலும் காரணம் மிக அற்பமாக இருக்கும். அச்சைச் சுற்றிய தலைமுடி, பாய்க் கோரை, தையல் நூல். கீரமங்கலம் பூச்சந்தையை ஒட்டிய ஊர்களில் வீட்டுத் திண்ணைகளில் பூக் கட்டுவார்கள். அங்கே உதிரும் வாழைநார்த் துணுக்கு ஈரத்தோடு அச்சில் சுற்றிக் காய்ந்தால் கம்பிபோல இறுகிவிடும். சக்கரத்தைக் கழற்றிப் பழைய பிளேடால் அச்சின் நீளவாக்கில் ஒரு கீறல் கீறினால், மோதிரம்போலச் சுருண்டிருக்கும் நார் மொத்தமாக உதிரும். குறுக்கே அறுக்கப் போனால் பிளேடு பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும்.

ஆட்டம்

லாரிப் பட்டறையில் காதில் விழக்கூடிய பேச்சு இது.

“அண்ணே, வண்டி இடப்பக்கமா இழுக்குது. அலைன்மென்ட் பாத்துக் குடுங்க.”

“மொதல்ல ஆட்டம் இருக்கான்னு பாப்போம் தம்பி. ஆட்டத்த வச்சிக்கிட்டு அலைன்மென்ட் பண்ணா அடுத்த வேகத்தடை வரைக்குந்தான் நிக்கும்.”

பத்து டன் லாரிக்கும் அரைக்கிலோ காருக்கும் இது பொது. மெக்கானிக் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஒருமுறை ஆட்டுவார், இடமும் வலமும் பிடித்து ஒருமுறை ஆட்டுவார். மேலும் கீழும் ஆடினால், சக்கரம் இடவலம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. இடவலமாக ஆடினால் டை ராடு முனைகள் தளர்ந்திருக்கின்றன. பொம்மைக் காரில் ஜாக்கிக்குப் பதில் இடது கை, அவ்வளவுதான். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் டயரைப் பிடித்து மெல்ல அசைத்துக்கொண்டே, எந்த மூட்டு நகர்கிறது என்று கண்ணை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். சக்கரம் மட்டும் ஆடி, அதைத் தாங்கிக் கிங்பின்னில் திரும்பும் நக்கிள் அசையாமல் இருந்தால் கோளாறு சக்கர நட்டிலோ பேரிங்கிலோ. நக்கிளும் சேர்ந்து ஆடினால் கிங்பின் துளை பெரிதாகியிருக்கிறது. இரண்டும் ஆடி டை ராடு மட்டும் சும்மா இருந்தால், ராடின் முனையில் உள்ள குண்டு மூட்டு கழன்றிருக்கிறது.

இந்த மாவட்டத்தில் ஆட்டம் சீக்கிரம் வருவதற்கு மண்ணும் ஒரு காரணம். புதுக்கோட்டையைச் சுற்றியும் கந்தர்வகோட்டைப் பக்கமும் செம்புறாங்கல் பூமி. அந்தக் கல் உதிர்ந்து ஆகும் சரளையிலும் செம்மண்ணிலும் இரும்பு ஆக்சைடு அதிகம். அந்தத் தூள் மூட்டுக்குள் போனால் பிளாஸ்டிக்கை அரம்போல ராவிவிடும். இந்த இடத்தில்தான் வீட்டுப் பெரியவர்கள் நல்லெண்ணத்தோடு ஒரு காரியம் செய்கிறார்கள். ‘ரெண்டு சொட்டு எண்ணெய் விடு, சரியாப்போகும்’ என்று தேங்காயெண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ விடுகிறார்கள். எண்ணெய் புழுதியைப் பிடித்துக் குழைத்து, சாணைபிடிக்கும் பசையாக்கி, மூட்டுக்குள் உட்காரவைத்துவிடும். திறந்த பிளாஸ்டிக் மூட்டுகளை உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆட்டத்தைக் குறைக்க உதிரிபாகம் கிடைத்தால் மாற்றிவிடலாம். ஹாபி ரக வண்டிகளுக்கு, உதாரணமாக டபிள்யூஎல்டாய்ஸ் 144001 போன்ற மாடல்களுக்கு, நக்கிள் முதல் டை ராடு வரை எண் போட்டுத் தனித்தனியாக விற்கிறார்கள். திருவிழாக் கடைக் காருக்கு அந்த வசதி கிடையாது. அங்கே கைவேலைதான். கிங்பின் திருகைக் கழற்றி, நக்கிளுக்கும் மேல் தாங்கிக்கும் இடையே தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கில் வெட்டிய ஒரு வட்டத்தைச் செருகினால் மேல்கீழ் ஆட்டம் அடங்கும். துளை அகன்றிருந்தால் பின்னைச் சுற்றி பிளம்பர் டெஃப்லான் டேப்பை ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ சுற்றலாம். நிரந்தரம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் கொஞ்ச காலம் தாங்கும். கழற்றும் திருகுகளை ஒரு தாளில் கார் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்திவைத்தால் நீளத் திருகும் குட்டைத் திருகும் மாறாது. நீளத் திருகு தவறான துளையில் ஏறினால் பிளாஸ்டிக் பிளக்கும்.

ஆட்டத்தை அடியோடு ஒழிக்கவும் கூடாது. இறுக்கியபின் டை ராடைக் கழற்றிவிட்டுக் காரை ஒருபக்கம் சாய்த்தால், நக்கிள் தன் கனத்திலேயே அந்தப் பக்கம் திரும்பி விழவேண்டும். விழாமல் நின்றால் இறுக்கம் அதிகம். அந்த இறுக்கம் அடுத்த கட்டத்தில் வேறொரு கோணலாக வந்து நிற்கும்.

மோதலில் வளைந்த பின்னையோ அச்சையோ கண்ணால் கண்டுபிடிப்பதைவிடக் கண்ணாடியில் உருட்டிக் கண்டுபிடிப்பது எளிது. நேரான கம்பி சத்தமில்லாமல் உருளும். வளைந்தது தடதடக்கும். மெல்லிய பின்னை நிமிர்த்த முயல்வதில் பயனில்லை, மாற்றுவதே வழி.

நடு எங்கே இருக்கிறது?

இனி ஸ்டியரிங்கின் நடு. வண்டியின் விலையைப் பொறுத்து இதன் அமைப்பு மாறும்.

மலிவான கார்கள் பலவற்றில் செர்வோ கிடையாது. ஒரு சின்ன மோட்டார் முன்சக்கரங்களை முழு இடது அல்லது முழு வலது என்று தள்ளும். கையை எடுத்தால் ஒரு ஸ்பிரிங் நடுவுக்கு இழுத்துவரும். அந்த ஸ்பிரிங் எங்கே நிற்கிறதோ அதுதான் நடு. காரைத் திருப்பிப் போட்டால் முன்சக்கரங்களுக்கு இடையே ஒரு குட்டிப் பிடி தெரியலாம். அது ஸ்பிரிங் நிற்கும் இடத்தை இடமோ வலமோ நகர்த்துவதற்கானது. வாங்கி ஒரு வருடம் ஆகியும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாத வீடுகள் உண்டு. அட்டைப்பெட்டியோடு வரும் குறிப்புத் தாளை யார் படிக்கிறார்கள்?

கொஞ்சம் விலை கூடிய பொம்மைகளில் ஐந்து வயர் செர்வோ இருக்கும். ஹாபி ரகத்தில் மூன்று வயர் செர்வோ. மூன்று வயர் செர்வோவுக்கு ரிசீவர் ஏறத்தாழ 20 மில்லி வினாடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பை அனுப்புகிறது. துடிப்பு 1.5 மில்லி வினாடி நீண்டால் நடு. 1 மில்லி வினாடிப் பக்கம் குறைந்தால் ஒரு கோடி, 2 பக்கம் கூடினால் மறுகோடி. செர்வோ தன் உள்ளே உள்ள சுழல் மின்தடையைப் பார்த்துத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு அங்கே போய் நிற்கும். அந்த மின்தடையில் அழுக்கோ தேய்மானமோ இருந்தால் சக்கரம் நடுவில் நிற்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

எந்த வகையானாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்றே. முன்சக்கரங்கள் தரையைத் தொடாதபடி தூக்கிவைத்து, ஸ்டியரிங்கை முழு இடதுக்குத் திருப்பி விட்டுவிட வேண்டும். சக்கரம் எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு முழு வலதுக்குத் திருப்பி விடவேண்டும். இரண்டு முறையும் ஒரே கோணலான இடத்தில் நின்றால் நடு விலகியிருக்கிறது, அதைச் சரிசெய்ய முடியும். இடதிலிருந்து வந்தால் கொஞ்சம் இடதாகவும், வலதிலிருந்து வந்தால் கொஞ்சம் வலதாகவும் நின்றால் கோளாறு நடுவில் கிடையாது. எங்கோ உராய்வு இருக்கிறது, அல்லது ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது. இந்த நிலையில் டிரிமை எத்தனை முறை திருகினாலும் ஒரு திருப்பத்துக்குப் பின் நேராகவும் அடுத்த திருப்பத்துக்குப் பின் கோணலாகவும்தான் ஓடும். முந்தைய பகுதிக்கே திரும்பிப்போய், புழுதியையும் இறுக்கத்தையும் தேட வேண்டியதுதான்.

ஹாபி ரகக் கார்களில் செர்வோவுக்கும் டை ராடுக்கும் நடுவே செர்வோ சேவர் என்று ஒரு ஸ்பிரிங் மூட்டு இருக்கும். மோதல் அதிர்ச்சி செர்வோவின் பற்களுக்குப் போகாமல் அது விட்டுக்கொடுக்கும். பலமாக மோதியபின் சிலசமயம் அது தன் பழைய பள்ளத்துக்குத் திரும்பாமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துவிடும். கையால் ஒருமுறை அழுத்தித் திருப்பி, ‘டக்’ என்று உட்காரவைத்தாலே பாதி வழக்குகள் முடிந்துவிடும்.

கோளாறு அதில் இல்லையென்றால், செர்வோவின் தண்டில் மாட்டியிருக்கும் கையைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். ரிமோட்டை முதலில் ஆன் செய்து, பிறகு காரை ஆன் செய்து, டிரிமைச் சரிபாதியில் வைக்க வேண்டும். அணைக்கும்போது முதலில் கார், பிறகு ரிமோட். செர்வோ தன் நடுவுக்கு வந்ததும் கையின் திருகைக் கழற்றி, கையை உருவி, டை ராடுகளுக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு செங்குத்தாக நிற்கும்படி மறுபடி ஏற்ற வேண்டும். இங்கே ஒரு கணக்கு உண்டு. பல செர்வோக்களின் தண்டில் 25 பற்கள். ஒரு பல் நகர்த்தினால் 14.4 டிகிரி தாவும். ஆகவே எந்தப் பல்லில் ஏற்றினாலும் கை கச்சிதமாக நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மிகமோசமான நிலையில் 7 டிகிரி வரை விலகல் மிஞ்சும். எந்தப் பல்லில் விலகல் குறைவோ அதில் ஏற்றிவிட்டு, மிச்சத்தை டை ராடின் நீளத்தில் தீர்த்துக்கொள்ள வேண்டும். விலை கூடிய ரிமோட்டில் சப்-டிரிம் இருந்தால் அதிலும் தீர்க்கலாம். பல்லைத் தாண்டி அழுத்தி உட்காரவைக்க முயன்றால் பல் மழுங்கும். அதன்பின் செர்வோவையே மாற்ற வேண்டியிருக்கும்.

சாக்குறியும் வெர்னியரும்

நடு சரியாகியும் வண்டி இழுத்தால் இரண்டு சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முன்பக்கம் குவிந்திருந்தால் டோ-இன், முன்பக்கம் விரிந்திருந்தால் டோ-அவுட். லேசான டோ-இன் வண்டியை நேராக ஓடவைக்கும். லேசான டோ-அவுட் வளைவில் சட்டென்று திரும்பவைக்கும், நேர்கோட்டில் அலைபாயவும் வைக்கும். குழந்தைகள் ஓட்டும் காருக்கு 0-விலிருந்து 1 டிகிரி டோ-இன் வரை இருந்தால் போதும்.

அளக்கக் கம்ப்யூட்டர் அலைன்மென்ட் மிஷின் தேவையில்லை. அந்த மிஷின் வருவதற்கு முன்பு பட்டறைகளில் செய்துவந்த முறையே போதும். முன்டயர் இரண்டின் முகப்பிலும், அச்சு இருக்கும் உயரத்தில், சாக்கட்டியால் ஆளுக்கொரு புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை வெர்னியரால் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு வண்டியைத் தூக்காமல், சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றும்வரை முன்னே உருட்டினால் அதே புள்ளிகள் பின்பக்கம் வந்துவிடும். மறுபடி அளக்க வேண்டும். ஒரே புள்ளிகளை இரண்டு இடத்தில் அளப்பதால், ரிம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அது கணக்கைக் கெடுக்காது. இந்தச் சூட்சுமம் தெரியாமல் டயரின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அப்படியே அளப்பவர்களுக்கு ரிம்மின் கோணல் டோ-வாகக் கணக்கில் ஏறிவிடும்.

60 மி.மீ. விட்டமுள்ள டயரில் முன்னுக்கும் பின்னுக்கும் 1 மி.மீ. வித்தியாசம் என்றால் இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1 டிகிரி, தலைக்கு அரை டிகிரி.

திருத்தும்போது ரொம்பக் கொஞ்சமாகத்தான் திருக வேண்டும். ஹாபி ரக டை ராடில் பொதுவாக 3 மி.மீ. திருகு, ஒரு சுற்றுக்கு அரை மி.மீ. புரி. இருபக்கமும் எதிரெதிர்ப் புரி கொண்ட டர்ன்பக்கிள் என்றால் ஒரு சுற்றுக்கு ராடு 1 மி.மீ. நீளும். கிங்பின்னிலிருந்து டை ராடு மாட்டும் இடம் வரை 20 மி.மீ. என்றால், அந்த ஒரே சுற்றில் சக்கரம் கிட்டத்தட்ட 3 டிகிரி திரும்பிவிடும். எனவே கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகக்கூடாது. கால் சுற்று, ஓட்டம், அளவு, மறுபடி கால் சுற்று. திருக ஆரம்பிக்கும் முன் இரண்டு ராடுகளின் நீளத்தையும் அளந்து குறித்துக்கொள்வது உசிதம். வழி தவறினால் திரும்பிவர அந்த எண்கள்தான் இருக்கும்.

பொம்மை ரகத்தில் டை ராடு ஒரே பிளாஸ்டிக் பட்டையாக வரும், திருக முடியாது. உடைந்தாலும் கோணினாலும் சைக்கிள் கடையில் கிடைக்கும் ஸ்போக்ஸ் கம்பி கைகொடுக்கும். சுமார் 2 மி.மீ. தடிமன், வளையும், எளிதில் ஒடியாது. பழைய பட்டையின் இரு துளைகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, கம்பியின் இரு முனைகளையும் செங்குத்தாக மடித்து, நடுவில் வேண்டுமென்றே ‘ப’ எழுத்துப்போல ஒரு சிறு நெளிவு கொடுக்க வேண்டும். அந்த நெளிவைக் கொறடால் நெரித்தால் ராடு குறுகும், விரித்தால் நீளும். விலை கூடிய காரில் டர்ன்பக்கிள் செய்யும் வேலையை இங்கே இந்த நெளிவு செய்துவிடும்.

கோணல் போலத் தெரியும், கோணல் அல்ல

ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பிப் பார்த்து, ‘ஒரு சக்கரம் அதிகமாகவும் ஒரு சக்கரம் குறைவாகவும் திரும்புகிறதே’ என்று பதறி, நன்றாக இருந்த ராடைத் திருகிக் கெடுத்தவர்கள் நிறைய. அது அப்படித்தான் இருக்க வேண்டும். வளைவில் உட்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் ஓடுகிறது. அச்சுகளுக்கு இடையே 18 செ.மீ. நீளமும் சக்கரங்களுக்கு இடையே 14 செ.மீ. அகலமும் உள்ள காரில், உட்பக்கம் 25 டிகிரி திரும்பும்போது வெளிப்பக்கம் சுமார் 19 டிகிரிதான் திரும்ப வேண்டும். இரண்டும் ஒரே அளவு திரும்பினால்தான் ஏதாவதொரு டயர் தரையில் இழுபட்டுத் தேயும். மூனிக் நகரத்துக் குதிரைவண்டித் தச்சர் கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர் வகுத்த ஏற்பாடு இது. அவர் சார்பில் 1818-இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் ஆக்கர்மன். பெயரும் ஆக்கர்மனுக்கே போய்விட்டது. உழைத்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் ஒருவர் என்பது பட்டறை உலகிலும் பழைய கதைதான்.

இந்த ஏற்பாடு இல்லாத வண்டி எப்படித் திரும்பும் என்று பார்க்க ஆசைப்படுபவர்கள் ஒரு தேரோட்டத்துக்குப் போய் வீதி முக்கில் நின்றால் போதும். மரத்தேரின் அச்சு திரும்பாது, சக்கரமும் திரும்பாது. முட்டுக்கட்டை போடுபவர்கள் சக்கரத்தடியில் கட்டையைச் செருகிச் செருகித்தான் அந்தப் பாரத்தை வளைக்கிறார்கள்.

நேராகவே ஆக்கமுடியாத சக்கரம்

எல்லாம் செய்தும் ஒரு சக்கரம் நேராகாமல் போகலாம். தாங்கி உடைந்திருக்கும், உதிரிபாகம் கிடைக்காது. அப்படியொரு பழுதோடு மிக நீண்ட தூரம் ஓடிய ரிமோட் வண்டி பூமியில் ஓடவில்லை. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திக்கு ஆறு சக்கரங்கள், அவற்றில் நான்கு மூலைச் சக்கரங்கள் திரும்பக்கூடியவை. 2005 ஏப்ரலில் வலது முன்சக்கரத்தைத் திருப்பும் மோட்டார் இறுகிப்போய், சக்கரம் சுமார் 8 டிகிரி உள்நோக்கிக் கோணியபடி நின்றுவிட்டது. கையால் நிமிர்த்த அங்கே ஆளில்லை. பொறியாளர்கள் அந்தச் சக்கரத்தின் திருப்பத்தை மறந்துவிட்டு மற்ற மூன்றை வைத்து ஓட்டினார்கள். 2017 ஜூனில் இடது முன்சக்கரம் 33 டிகிரி வெளிநோக்கித் திரும்பிச் சிக்கிக்கொண்டது. பலமுறை முயன்று அதை நேராக்கியதும் அவர்கள் எடுத்த முடிவு கவனிக்கத்தக்கது. முன்சக்கரங்கள் இரண்டையும் இனித் திருப்புவதில்லை, பின்சக்கரங்களைத் திருப்பியும் இருபக்கச் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழற்றியும் வண்டியை வளைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். 90 நாள் ஓடினால் போதும் என்று அனுப்பிய அந்த ஊர்தி, 2018-இல் தொடர்பு அறும்வரை 45 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

2023 ஆகஸ்டில் நிலவில் இறங்கிய சந்திரயான்-3 இன் பிரக்யான் ஊர்தியில் திரும்பும் சக்கரமே இல்லை. ஆறும் நேராகவே உருளும். இடப்பக்கமும் வலப்பக்கமும் வேகம் மாறுவதால்தான் அது திரும்பியது. இரு பக்கத்துக்கும் தனித்தனி மோட்டார் உள்ள டாங்கி மாதிரிப் பொம்மைகள் கடைகளில் நிறைய. முன் ஸ்டியரிங் அடிக்கடி உடையும் வீட்டுக்கு அடுத்தமுறை அந்த ரகத்தை வாங்குவது புத்திசாலித்தனம்.

பூட்டும்போது

வேலை முடியும் தருவாயில் இப்போது டிரிம். சாக்கோட்டின் மேல் ஓட்டி, மிச்சமிருக்கும் சிறு விலகலை ஓரிரு கட்டத்தில் தீர்த்துக்கொள்ளலாம். திருகு நடுவிலிருந்து கால்பங்குக்கு மேல் நகர வேண்டியிருந்தால் மேலே எங்கோ ஒரு படி விட்டுப்போயிருக்கிறது.

உடைந்த நக்கிளையோ தாங்கியையோ இன்ஸ்டன்ட் பசையால் ஒட்டுபவர்கள் விரிசலில் ஒரு சிட்டிகை ஆப்பசோடாவைத் தூவி, அதன்மேல் ஒரு சொட்டு விட்டால் நொடியில் கல்போல இறுகும். ஆனால் பசை மெல்ல ஊர்ந்து பக்கத்து மூட்டுக்குள் போய்ச் சக்கரத்தையே உறையவைத்துவிடும். ஒட்டும் பகுதியைக் கழற்றி வெளியே வைத்து ஒட்டுவதே சரி. கண்ணுக்கும் விரலுக்கும் தூரம் இருக்கட்டும்.

மீமிசல், மணமேல்குடிக் கடற்கரையில் ஓட்டிவிட்டு வந்தால் அன்றைக்கே சக்கரங்களைக் கழற்றி, ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். உப்புக் காற்றுப் பட்ட பேரிங் துருப்பிடித்து இறுகினால், அந்தப் பக்கமே வண்டி இழுக்க ஆரம்பிக்கும். வெயிலில் காயவைப்பது தவறு. சித்திரை வெயிலில் காரின் உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரியும் சேர்ந்து காயும்.

திருகு தளராமல் இருக்க நீல நிறத் திருகுப் பசை போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. இரும்பு நட்டுக்கு அது சரி. பிளாஸ்டிக்கில் நேரடியாக ஏறும் திருகுக்குப் போட்டால் அந்தப் பசையே பிளாஸ்டிக்கை வெடிக்கவைக்கும். அங்கே கைக்குப் பிடிப்புத் தட்டியதும் நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் ஓட்டியபின் கிங்பின் திருகுகளையும் சக்கர நட்டுகளையும் இன்னொருமுறை தொட்டுப் பார்த்தால் போதும்.